நாய்க்கு நாமே ஊசி போடலாமா?

"ஏம்மா, என் நாய்க்கு நானே ஊசி போட்டா என்னைப் பிடிச்சு உள்ள போட்ருவாங்களா?"

காலை நிகழ்ச்சியில் செல்லப் பிராணிகள் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இந்தக் கேள்வி எப்படியும் ஒரு தடவையாவது வந்துவிடும். கேட்பவர் ஒரு நாள் கூலாய்க்காரர், இன்னொரு நாள் மாசாய்க்காரர். குரலில் பயத்தைவிடக் கணக்குதான் அதிகம். வீட்டு நாய் நான்கு குட்டி போட்டிருக்கும். ஒரு குட்டிக்கு மூன்று தடவை ஊசி என்றால் மொத்தம் பன்னிரண்டு ஊசி. ஒவ்வொரு தடவையும் கிளினிக் கட்டணம், பூச்சி மாத்திரை, பெட்ரோல். இன்னொரு பக்கம் பார்த்தால் மருந்தும் சிரிஞ்சும் இணைய அங்காடியில் விற்பனைக்கு வருகின்றன. எப்படிப் போடுவது என்று ஐந்து நிமிடக் காணொலியில் கற்றுக்கொடுக்கிறார்கள். தோலைப் பிடித்துத் தூக்கு, ஊசியைச் செருகு, அழுத்து, முடிந்தது. பிறகு எதற்குக் கிளினிக்?

நியாயமான கேள்விதான். நம்மவர்களுக்கு இது புதிதும் இல்லை. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் ஒருவர் இருப்பார். மனிதர்களின் காய்ச்சல், புண், பிரசவம் எல்லாம் அவர் தலையில்தான். ரப்பர்க் காட்டுக்குக் காவலாக வரும் நாய்க்கு முள் குத்தினாலும் அவரிடம்தான் ஓடுவார்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிய பாட்டிகளும் உண்டு. நாய்க்கென்று ஒரு டாக்டர் இருக்கிறார் என்பதே பட்டணத்துச் செய்தியாக இருந்த காலம் அது. இன்று ஸ்கூடாயிலும் ஜொகூர் பாருவிலும் கிளினிக்குகள் வந்துவிட்டன. நம் பழக்கம்தான் இன்னும் தோட்டத்துப் பக்கம் நிற்கிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஒரே வார்த்தையில் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. இதில் ஒரு சட்டம் இல்லை, மூன்று இருக்கின்றன.

முதலாவது, 1974ஆம் ஆண்டின் விலங்கு மருத்துவர்கள் சட்டம், அதாவது சட்டம் 147. மலேசிய விலங்கு மருத்துவ மன்றத்தை உருவாக்கியது இதுதான். விலங்கு மருத்துவராகத் தொழில் செய்ய வேண்டும் என்றால் அந்த மன்றத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும். தொழில் செய்வதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் பார்வை முதலில் விழுவது, மருத்துவர் இல்லாமலேயே மருத்துவராக நடந்துகொள்பவர் மேல். உங்கள் தாமானில் "அங்கிள் ஒருத்தர் இருக்கார், நாய்க்கு இருபது வெள்ளிக்கு ஊசி போடுவார்" என்று யாராவது சொன்னால், வம்பில் மாட்டப்போகும் முதல் ஆள் அந்த அங்கிள்தான். நல்ல மனிதர், குறைந்த காசு என்பதெல்லாம் அங்கே வாதமாக நிற்காது.

இரண்டாவது, 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம். பெயரைக் கேட்டால் எலி மருந்து பற்றிய சட்டம்போல் தோன்றும். ஆனால் நாம் தினமும் வாங்கும் மருந்துகளைக் கட்டுப்படுத்துவதே இதுதான். அமோக்சிசிலின் போன்ற ஆன்டிபயோட்டிக்குகள் 'பி' பிரிவில் வருகின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றைக் கொடுக்கக் கூடாது. விலங்குக்கு என்றால் விலங்கு மருத்துவர் கொடுக்க வேண்டும். ஆக, "என் நாய், என் இஷ்டம்" என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அந்த மருந்து உங்கள் கைக்கு வந்த வழியைப் பற்றி அந்தச் சட்டத்துக்கு ஒரு கேள்வி இருக்கும். முறையாகப் பதிவான மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். இணையத்தில் வாங்கிய பொட்டலத்தில் அவை இல்லை என்றால், உள்ளே இருப்பது என்ன என்பது விற்றவருக்கே வெளிச்சம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2015ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம், சட்டம் 772. 2017இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த 1953ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலங்கைக் கொடுமைப்படுத்தினால் நெடுங்காலம் அதிகபட்ச அபராதம் வெறும் 200 ரிங்கிட். புதிய சட்டத்தில் 20,000 ரிங்கிட்டில் தொடங்கி 100,000 ரிங்கிட் வரை; மூன்றாண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. அடிப்பது, பட்டினி போடுவது மட்டும் இதில் இல்லை. வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து விலங்கைக் காக்க வேண்டியது வளர்ப்பவரின் கடமை என்று இந்தச் சட்டம் சொல்கிறது. அதாவது, வைத்தியம் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டா என்று நீங்கள் கேட்கிறீர்கள். வைத்தியம் கிடைக்கச் செய்தீர்களா என்று சட்டம் உங்களைக் கேட்கிறது. வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடக்கும் குட்டியை நான்கு நாள் வீட்டிலேயே வைத்து யூடியூப் பார்த்து வைத்தியம் செய்தவருக்கு இரண்டாவது கேள்விதான் கஷ்டம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிரச்சினை ஊசியைப் பிடிக்கும் கையில் இல்லை. சர்க்கரை நோய் வந்த நாய்க்கு வீட்டிலேயே தினமும் இன்சுலின் போடும் குடும்பங்கள் இருக்கின்றன. டாக்டர் சொல்லிக்கொடுத்து, அளவு எழுதிக்கொடுத்து, இத்தனை நாளில் திரும்பி வா என்று சொல்லி அனுப்புகிறார். வீட்டில் அக்காவோ தம்பியோ அழகாகப் போட்டுவிடுகிறார்கள். யாரும் அதைத் தப்பு என்று சொல்வதில்லை. என்ன நோய், எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவெடுத்தது யார், தப்பானால் பதில் சொல்லப்போவது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டு ஊசியில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

அது காலியாக இருந்தால் என்ன ஆகும்? உண்ணிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் உண்ணிக்கு ஆண்டு முழுக்கத் திருவிழாதான். நாய் சாப்பிடாமல் படுத்துவிட்டால் புலனக் குழுவில் உடனே ஒருவர் "டாக்ஸிசைக்ளின் கொடு" என்று அளவோடு எழுதிவிடுவார். உண்ணி கொண்டுவரும் நோய் ஒன்றல்ல. எர்லிக்கியா என்றால் டாக்ஸிசைக்ளின் கேட்கும். பபேசியா என்றால் அது போதாது, வேறு மருந்து வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான்: காய்ச்சல், சோர்வு, வெளுத்த ஈறு. ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதித்தால்தான் வித்தியாசம் தெரியும். குழுவில் எழுதியவர் வாரம் முழுக்க "இப்ப எப்படி இருக்கு?" என்று அன்பாக விசாரித்துக்கொண்டே இருப்பார். நாய்க்கு அந்த ஒரு வாரம் கிடைக்காமல் போகலாம்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி இன்னொரு கதை. சொறிக்கு நல்ல மருந்துதான். ஆனால் கோலி போன்ற சில இன நாய்களில் ஒரு மரபணுக் குறை உண்டு. அந்த நாய்களில் மருந்து மூளைக்குள் புகுந்துவிடும். தள்ளாட்டம், வலிப்பு, சில நேரம் சாவு. மாட்டு மருந்தின் செறிவில் ஒரு புள்ளி தவறினாலும் எந்த நாய்க்கும் ஆபத்து. நமக்குத் தலைவலி என்றால் போடும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம், நாய்க்கும் பாதுகாப்பானதல்ல. மூட்டுவலிக்குப் போடும் ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். (மருந்தை விடுங்கள். மீந்த குழம்பில் இருக்கும் வெங்காயம்கூட நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பாசமாகச் சோற்றில் ஊற்றுகிறவர்கள் கவனிக்க.)

தடுப்பூசி விஷயம் இன்னும் நுட்பமானது. அதில் தவறினால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். தயாரித்த இடத்திலிருந்து உங்கள் வீட்டு வாசல் வரை அந்தக் குளிர் விட்டுப்போகக் கூடாது. பாசிர் கூடாங் வெயிலில் கூரியர்க்காரரின் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் வெந்த மருந்தைப் பார்த்தால் அடையாளமே தெரியாது. நிறம் மாறாது, வாடை வராது. நீங்கள் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவீர்கள். குட்டிக்கு உடம்பில் ஒரு பாதுகாப்பும் வந்திருக்காது.

அடுத்தது நாள் கணக்கு. தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியையே செயலிழக்க வைக்கும். எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் அது தீரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசி பதினாறு வாரம் அல்லது அதற்குப் பிறகு விழ வேண்டும் என்று உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கம் வழிகாட்டுகிறது. "ரெண்டு ஊசி போட்டாச்சு, போதும்" என்று எட்டாவது, பத்தாவது வாரத்தில் நிறுத்திய குட்டிகள்தான் பார்வோவில் போகின்றன. பார்வோ வந்து வாந்தியும் இரத்தப் பேதியுமாகக் கிடக்கும் குட்டிக்குக் கடையில் விற்கும் உப்புச் சர்க்கரைப் பானத்தை வாயில் ஊற்றுவது நம் ஊரில் பிரபலமான வைத்தியம். வயிற்றில் எதுவும் தங்காத குட்டிக்கு நரம்பு வழியாகத்தான் நீர் ஏற்ற வேண்டும். அது கிளினிக்கில்தான் நடக்கும்.

அரிதாக ஊசி ஒவ்வாமல் போவதும் உண்டு. சில நிமிடத்தில் முகம் வீங்கும், நாய் துவளும். கிளினிக்கில் அட்ரினலின் கையெட்டும் தூரத்தில் இருக்கும். நம் சமையலறையில் இருக்காது.

ரேபிஸுக்கு வருவோம். இதில் என் நிலை மற்றதைவிடக் கறாரானது.

ரேபிஸ் தடுப்பு மருந்தை மனிதருக்கு முதலில் கொண்டுவந்த லூயி பாஸ்டர் மருத்துவர் இல்லை, வேதியியல்காரர். 1885 ஜூலை 6ஆம் தேதி, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டரை அவரிடம் கொண்டுவந்தார்கள். மருந்து அவருடையது, அறிவு அவருடையது. ஆனால் ஊசி போட அவருக்கு உரிமம் இல்லை. அதனால் கிராஞ்சே என்ற மருத்துவர்தான் ஊசி போட்டார். பையன் பிழைத்துக்கொண்டான். மருந்தைக் கண்டுபிடித்தவருக்கே அந்த விதி இருந்தது.

நம் தாத்தா பாட்டிகளுக்கு ரேபிஸ் என்றால் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிதான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் அந்தக் காலத்தில் எத்தனையோ பேருக்கு உயிர் கொடுத்த இடம். இப்போது கையில் போடும் சில ஊசிகளாக அது சுருங்கிவிட்டது. நோய் மட்டும் சுருங்கவில்லை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை.

மலாயாவில் 1950களின் தொடக்கத்தில் நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி இயக்கம் நடத்தித்தான் இதை அடக்கினார்கள். பிறகு தாய்லாந்து எல்லையை ஒட்டி ஒரு தடுப்பு வளையம் அமைத்தார்கள். அப்படியும் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் திரும்ப வந்தது. 2017 ஜூலையில் சரவாக்கின் செரியான் வட்டாரத்தில் குழந்தைகள் இறந்தபோது நாடே அதிர்ந்தது. அங்கே அதன் பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போய்விட்டன. ஜொகூர் அங்கிருந்து தூரம்தான். ஆனால் நாய்கள் லாரியிலும் கப்பலிலும் விமானத்திலும் பயணிக்கின்றன. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு ரேபிஸ் இல்லை. அதனால்தான் நம் பக்கத்திலிருந்து ஒரு நாயைக் கொண்டுபோக வேண்டும் என்றால் ஊசிச் சான்றிதழ், இரத்தப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் என்று அவ்வளவு கேட்கிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நீங்களே உங்கள் நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்டுவிட்டீர்கள். மருந்து நல்ல மருந்து, சரியாகவும் போட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அது பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி: நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா? "போட்டிருக்கு டாக்டர், நானே போட்டேன்." அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் அந்தப் பிள்ளையின் உயிரை முடிவு செய்ய மாட்டார். உங்கள் நாய் ஊசி போடாத நாயாகத்தான் எண்ணப்படும், அதன்படியே நடத்தப்படும். உங்கள் கையால் போட்ட ஊசி, காகிதத்தில் நடக்காத ஊசி. (கடி பட்டவுடன் செய்ய வேண்டியது: குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பிறகு நேராக ஆஸ்பத்திரி.)

மற்ற நாடுகளிலும் கோடு கிட்டத்தட்ட இங்கேதான் விழுகிறது. அமெரிக்காவின் பல இடங்களில் மற்றத் தடுப்பூசிகளைத் தீவனக் கடையிலேயே வாங்கித் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். ரேபிஸ் ஊசி என்று வந்தால் பெரும்பாலான மாநிலங்கள் விலங்கு மருத்துவர் அல்லது அவரின் மேற்பார்வை வேண்டும் என்கின்றன. பிரிட்டனின் 1966ஆம் ஆண்டுச் சட்டம், சொந்தக்காரர் தன் விலங்குக்குச் சிறு வைத்தியம் செய்யலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. ஆனால் நாய்த் தடுப்பூசி அங்கே மருத்துவர் சீட்டில்தான் கிடைக்கும். இந்தியாவின் 1984ஆம் ஆண்டுச் சட்டம் கொஞ்சம் வேறு மாதிரி. தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் ஆகியவற்றைச் சிறு சேவைகள் என்று பிரித்து, பயிற்சி பெற்ற உதவியாளர்கள் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம்; மாநில அரசு அதற்கு அனுமதி கொடுக்கலாம் என்கிறது. கிராமங்கள் நிறைந்த நாட்டுக்கு அது நடைமுறை தெரிந்த யோசனை. நம் ஜொகூரிலேயே குளுவாங்கில் மலேசிய விலங்கு மருத்துவக் கழகம் இருக்கிறது. இந்தத் துறைக்கான உதவி அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் அது. அப்படிப் பயின்றவர்களை ஒரு மருத்துவரின் மேற்பார்வையில் தோட்டங்களுக்கும் தாமான்களுக்கும் அனுப்பினால் நம்மவர்கள் ஏன் காணொலி பார்த்து ஊசி போடப்போகிறார்கள்?

ஏனென்றால், வீட்டு ஊசிக்காரர்களைத் திட்டிவிட்டு இந்தப் பத்தியை முடிக்க எனக்கு மனமில்லை. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. விடிகாலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இரவு எட்டு ஒன்பதுக்கு வீடு திரும்பும் குடும்பம் எந்த நேரத்தில் கிளினிக்குக்குப் போவது? அரசாங்கத்தின் மாவட்டக் கால்நடை அலுவலகங்களில் தனியார் கிளினிக்கைவிடக் குறைந்த கட்டணத்தில் ஊசி போடுகிறார்கள். ஆனால் அது அலுவலக நேரத்தில். முன்பாவது ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அரசு அலுவலகம் திறந்திருந்தது. சிங்கப்பூர் வேலைக்காரருக்கு அன்று ஓய்வு. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து இங்கேயும் சனி, ஞாயிறு என்றாகிவிட்டது. குடும்பமாக ஒன்றுசேர அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாயைத் தூக்கிக்கொண்டு போக இருந்த அந்த ஒரு நாள் போய்விட்டது. லாயாங்-லாயாங், ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் காரில்லாத வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரிய நாயை எந்த பஸ்ஸில் ஏற்றுவது?

இதற்கு ஒரு வழி இருக்கிறது. சேர்ந்து கேட்பது. ஒரு தாமானில் முப்பது நாய் இருந்தால், குடியிருப்போர் சங்கமோ ருக்குன் தெத்தாங்காவோ மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி ஊசி முகாம் கேட்கலாம். தனியார் மருத்துவரிடம் "முப்பது நாய் இருக்கிறது, ஒரு ஞாயிறு காலை எங்கள் மண்டபத்துக்கு வாருங்கள்" என்று பேசினால் ஒரு நாய்க்கு ஆகும் செலவு குறையும், பெட்ரோலும் மிச்சம். கோயில் அன்னதானத்துக்கு ஆள் திரட்டத் தெரிந்த நமக்கு இது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. செப்டம்பர் 28, பாஸ்டர் இறந்த நாள், உலக ரேபிஸ் தினம். தேதி தேடுகிறவர்களுக்கு அதுவே போதும்.

அதுவரை வீட்டில் செய்ய நிறைய இருக்கிறது, பயப்படாமல் செய்யுங்கள். எடை பார்த்துப் பூச்சி மாத்திரை கொடுப்பது, உண்ணிக்குக் கழுத்தில் விடும் மருந்து, சிறு காயத்தை உப்பு நீரில் கழுவுவது, டாக்டர் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் கொடுப்பது, எந்த நாளில் என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனை மேல் மட்டும் விட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனையின் உயிருக்கே ஆபத்து.

அடுத்த தடவை ஊசிக்குப் போகும்போது நாயின் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரை டாக்டர் உரித்து அட்டையில் ஒட்டுகிறாரா, அதில் தொகுப்பு எண்ணும் காலாவதித் தேதியும் தெரிகிறதா, பக்கத்தில் கையெழுத்தும் கிளினிக் முத்திரையும் விழுகிறதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் காசில் பாதி அந்தக் கையெழுத்துக்குத்தான்.